சார்ஜிங் ரூமில் காட்டிய கற்பூரம்

மெயின்டனன்ஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். வண்டி பேட்டரிகளை எப்படிப் பார்த்துக்கொண்டால் நெடுநாள் உழைக்கும் என்று எழுதினால் உபயோகமாக இருக்கும் என்றார்கள். அதற்கு நான் தேவையில்லை. அங்கே மெயின்டனன்ஸ் இன்ஜினியராக இருந்தபோது நானே தயாரித்த பதினான்கு பக்கக் கையேடு ஹெப்பகோடி கிடங்கின் சார்ஜிங் ரூம் சுவரில் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்குகிறது. யாரும் தொடாததால் அச்சடித்த அன்று இருந்த மாதிரியே இருக்கும்.

அதில் உள்ளதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபோர்க்லிஃப்ட் பேட்டரியை அடிமட்டம் வரை இறக்காதீர்கள். ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போதே சார்ஜுக்குக் கொண்டுவாருங்கள். ஏற ஆரம்பித்தால் முழுதாக ஏற விடுங்கள். டீ குடிக்கிற நேரத்துக்குச் செருகிப் பிடுங்கினால் அதற்குப் பசிதான் கிளம்பும், வயிறு நிறையாது. டிஸ்டில்ட் வாட்டரை சார்ஜ் முடிந்த பிறகு ஊற்றுங்கள். முன்னால் ஊற்றினால் சூடேறி, ஆசிட்டையும் கூட்டிக்கொண்டு வெளியே வழியும். குழாய்த் தண்ணீர் ஊற்றுகிறவரை மன்னிக்காதீர்கள். இவ்வளவுதான். இதைச் செய்தால் நாலு வருஷத்தில் சாகிற பேட்டரி ஏழு வருஷம் உழைக்கும். என் காலத்தில் உழைத்தது. அதற்காகத் தலைமை அலுவலகத்தில் ஒரு கண்ணாடிக் கேடயம்கூடக் கொடுத்தார்கள்.

நான் எழுத உட்கார்ந்தது அந்தப் பதினான்கு பக்கத்தில் இல்லாத ஒரு பத்து நிமிஷத்தைப் பற்றி.

பேட்டரியின் ஆயுளை நீட்டுகிற வேலைகளில் முக்கியமானது ஈக்வலைசிங் சார்ஜ். ஒரு பேட்டரிக்குள் இருபத்துநாலு செல்கள் இருக்கின்றன. எல்லாம் ஒரே மாதிரி உழைப்பதில்லை. எந்த டிபார்ட்மென்டிலும் அப்படித்தான். பின்தங்கிய செல்களை மற்றவற்றுக்குச் சமமாகக் கொண்டுவர, முழுதாக ஏறிய பிறகும் குறைந்த கரண்டில் இன்னும் சில மணி நேரம் விட்டுவைக்க வேண்டும். அப்போது எல்லா செல்லும் சோடா மாதிரிக் கொப்பளிக்கும். வெளியே வருவது ஹைட்ரஜன். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, ஒரு பொறி பட்டால் போதும். அதனால்தான் சார்ஜிங் ரூமில் கூரையை ஒட்டிப் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கிறது. சார்ஜரை அணைத்த பிறகும் ஒரு மணி நேரம் அது ஓட வேண்டும், பேட்டரி உடனே அடங்காது. ஒன்பதாம் பக்கம். நான் எழுதியது.

மாதாமாதம் இரண்டிரண்டு பேட்டரியாக இதைச் செய்வோம். எல்லாவற்றையும் ஒருசேரச் செய்ய வேண்டுமென்றால் எல்லா வண்டிகளும் ஒரே நாளில் சும்மா நிற்க வேண்டும். இரண்டு ஷிஃப்ட் ஓடுகிற கிடங்கில் அப்படி ஒரு நாள் வருஷத்துக்கு ஒன்றுதான் வரும். ஆயுத பூஜை. முந்தின நாள் சாயங்காலம் போட்டால் பூஜையன்று காலையில் முடிந்திருக்கும். அந்த நாளைத் தேர்ந்தெடுத்தவன் நான்தான். நல்ல யோசனை என்று எல்லோரும் சொன்னார்கள். நாலைந்து வருஷம் ஒன்றும் ஆகவில்லை. பூஜை வெளியே முற்றத்தில், வண்டிகளுக்கு நடக்கும். பேட்டரிகள் உள்ளே அடங்கிக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு சுவர் இருந்தது.

சார்ஜிங் ரூமைப் பார்த்துக்கொண்டவர் தேவராஜ். நீலசந்திராவில் பிறந்து வளர்ந்தவர், நாற்பது வயதிருக்கும், பத்தாவதோடு படிப்பை விட்டவர். ஆசிட்டின் அடர்த்தியை அளக்கிற ஹைட்ரோமீட்டரை செல்லுக்குள் விட்டு உறிஞ்சி, மிதவையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி ஒரு பார்வை பார்ப்பார். “இந்தப் பதினேழாவது புள்ள மட்டும் இஸ்கூலுக்கு ஒழுங்கா வரல சார்” என்பார். நான் மீட்டரை வைத்து அளந்து பார்த்தால் அந்தப் பிள்ளை நிஜமாகவே மட்டம் போட்டிருக்கும்.

அவர் குடும்பம் தாத்தா காலத்திலேயே பௌத்தத்துக்கு மாறியது. தானாக அதைப் பற்றிப் பேசமாட்டார். கேட்டால் மறைக்கவும் மாட்டார். லாக்கர் கதவின் உட்புறம் சின்னதாக ஒரு புத்தர் படம் ஒட்டியிருந்தது. ஆயுத பூஜையன்று ஓரமாக நிற்பார். பொட்டு வைத்துக்கொள்ள மாட்டார், பொரிகடலையை மட்டும் இரண்டு கையும் நிறைய வாங்கிக்கொள்வார். “சாமி வேணாம், பொரி மட்டும் வேணுமா” என்று கேலி செய்வார்கள். “பொரிக்கு மதம் கிடையாதுப்பா” என்பார். முகத்துக்கு நேரே கேலி அதோடு நின்றுவிடும். முதுகுக்குப் பின்னால் நிற்காது என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

அந்த வருஷம் புது மேனேஜர் வந்திருந்தார். மைசூர்ப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர். இதை அழுத்தியே சொல்கிறேன், இல்லாவிட்டால் நீங்கள் இதில் ஒரு கெட்டவரைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஒரு செக்‌ஷனும் விட்டுப்போகாமல் எல்லா இடத்திலும் பூஜை நடக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. குடும்பத்தோடு வரும்படி எல்லோருக்கும் சொல்லியிருந்தார். காலை ஒன்பதரைக்கு முற்றத்தில் பூஜை முடிந்தது. பூசணிக்காய் உடைத்து, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பேட்டரி இல்லாத வண்டிகளைக் கையாலேயே ஓரடி தள்ளினார்கள். பிறகு கூட்டம் சார்ஜிங் ரூம் பக்கம் திரும்பியது.

முந்தின நாள் சாயங்காலம் இரண்டு மணி நேரம் கரண்ட் போயிருந்தது. அதனால் ஈக்வலைசிங் அவ்வளவு நேரம் தள்ளிப்போய், அப்போதுதான் முடிந்திருந்தது. தேவராஜ் சார்ஜர்களை அணைத்துப் பதினைந்து நிமிஷம்கூட ஆகவில்லை. எட்டுப் பேட்டரிகளுக்கும் செல் மூடிகளைத் திறந்துவைத்துவிட்டு, ஒவ்வொன்றாக அளந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

வாசலில் யாரோ இரண்டு வாழைக்கன்றுகளை நிறுத்தியிருந்தார்கள். ஒன்றைக் கட்டுவதற்கு வாகாக அங்கே ஒரே ஒரு கம்பம்தான் இருந்தது. ஆசிட் பட்டால் கண்ணைக் கழுவுவதற்காக வைத்திருந்த குழாயின் கம்பம். நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டி, குழாயின் மேல் மாவிலைத் தோரணமும் சுற்றியிருந்தார்கள். நான் பார்த்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

எக்ஸாஸ்ட் ஃபேன் இழுக்கிற காற்றில் விளக்கு நிற்கவில்லை. இரண்டு தடவை ஏற்றினார்கள். இரண்டு தடவையும் அணைந்தது. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பூஜையில் விளக்கு அணைந்தால் யாருக்கும் மனசு சரியாக இருக்காது. மேனேஜர் தேவராஜிடம் ஃபேனைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொன்னார்.

தேவராஜ் நிறுத்தவில்லை. வாசலருகே நின்றிருந்த என்னிடம் நேராக வந்தார்.

“சார், ஃபேன நிறுத்தச் சொல்றாங்க. மூடியெல்லாம் தொறந்து கெடக்குது. இப்பதான் ஆஃப் பண்ணேன்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “நான் வேணாம்னா வேற மாதிரி எடுத்துக்குவாங்க சார். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க.”

இந்த இடத்தில் என் மண்டைக்குள் என்ன நடந்தது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நான் கணக்குப் போட்டேன். பெரிய அறை, உயரமான கூரை, இரண்டு ஜன்னல் திறந்திருக்கிறது, பத்து நிமிஷத்தில் அப்படி என்ன சேர்ந்துவிடும் என்று. கணக்கில் தப்பில்லை. ஆனால் அது அறை முழுவதற்குமான கணக்கு. திறந்து கிடக்கும் செல்லின் வாய்க்கு ஒரு சாண் மேலே என்ன இருக்கும் என்பதற்கு அது செல்லாது. அதுவும் எனக்குத் தெரியும். படித்தவனுக்கு ஒரு வசதி உண்டு. தனக்கு வேண்டிய விடை எந்தக் கணக்கில் வருமோ அதைப் பொறுக்கிக்கொள்ள அவனால் முடியும்.

உண்மையில் நான் எடைபோட்டது வேறொன்றை. நூறு பேர் நிற்கிறார்கள், பெண்களும் குழந்தைகளும் புதுத் துணியில் நிற்கிறார்கள், மேனேஜர் கையில் தட்டு இருக்கிறது. அவர்கள் முன்னால் “வேண்டாம்” என்று சொன்னால் ஒரு நிமிஷம் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்குப் பயந்தேன்.

“பத்து நிமிஷம்தானே தேவராஜ். சீக்கிரம் முடிச்சிடச் சொல்றேன்” என்றேன்.

அவர் திரும்பிப் போகிற வழியில், உள்ளே நுழைந்திருந்த பெண்களையும் குழந்தைகளையும் தரையிலிருக்கும் மஞ்சள் கோட்டுக்கு வெளியே போய் நிற்கச் சொன்னார். ஒரு தகப்பனார் சலித்துக்கொண்டார், போட்டோ எடுக்க வேண்டுமாம். தேவராஜ் விடவில்லை. எல்லோரும் வெளியே போன பிறகுதான் சுவிட்சை அணைத்தார். உடனே பேட்டரி மூடிகளை மூட ஆரம்பித்தார். மூன்று பேட்டரி மூடுவதற்குள் விளக்கு ஏற்றியாகிவிட்டது.

மேனேஜர் கற்பூரத்தை ஏற்றினார். அதற்கு முன் அந்தக் கிடங்கில் யாருக்கும் தோன்றாத ஒரு மரியாதையை அப்போது செய்தார். தேவராஜைக் கூப்பிட்டுத் தட்டை அவரிடம் நீட்டினார். “இது உங்க ரூம். நீங்கதான் காட்டணும்” என்று தன் கன்னட வாடைத் தமிழில் சொன்னார். இரண்டு மூன்று பேர் கை தட்டினார்கள். யாரையும் ஒதுக்கிவைக்கவில்லை என்று காட்ட நினைத்தார், வேறொன்றுமில்லை. தேவராஜ் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கற்பூரத் தட்டை அவர் அதற்கு முன் கையில் பிடித்திருக்க மாட்டார். மறுத்தால் என்ன ஆகும், வாங்கினால் என்ன ஆகும் என்று அவர் போட வேண்டியிருந்த கணக்கு என்னுடையதைவிடச் சிக்கலானது. அவருக்கு அதற்கு அவகாசமும் இல்லை. நான் வேறு பக்கம் பார்த்தேன். அவர் தட்டை வாங்கிக்கொண்டார்.

ஒவ்வொரு பேட்டரிக்கும் காட்டிக்கொண்டே வந்தார். மூடிவைத்திருந்த மூன்றையும் தாண்டினார். நாலாவதின் மேல் தட்டு சுற்றும்போது வெடித்தது.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. லாரி டயர் வெடித்த மாதிரி ஒன்று, அவ்வளவுதான். ஒரு செல்லின் மேல்பாகம் பிய்ந்து, உள்ளே இருந்த ஆசிட் அவர் முகத்தில் அடித்தது. ஒரு குழந்தைக்கும் ஒரு பொட்டு படவில்லை. எல்லோரும் மஞ்சள் கோட்டுக்கு வெளியே இருந்தார்கள்.

கண் கழுவுகிற குழாய்க்கு இழுத்துக்கொண்டு ஓடினோம். வாழைக்கன்று குழாயின் நெம்புகோலை நகரவிடாமல் அணைத்துக்கொண்டு நின்றது. இரண்டு பேர் நைலான் கயிற்றைப் பல்லால் கடித்துப் பார்த்தார்கள். நான் தேவராஜைத் தரையில் படுக்கவைத்து, சாப்பாட்டுப் பந்திக்கு வைத்திருந்த இருபது லிட்டர் தண்ணீர் கேனை இழுத்துவரச் சொன்னேன். விரலால் இமைகளை விரித்துப் பிடித்துக்கொண்டு ஊற்ற ஆரம்பித்தேன். அதற்குள் மேனேஜர் காரை வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார். தூக்குங்கள், தூக்குங்கள் என்று எல்லோரும் கத்தினார்கள். ஒருவர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

“இப்ப கார்ல ஏத்தினா ஓசூர் ரோடு டிராஃபிக்ல ரெண்டு கண்ணும் வெந்துடும். இருபது நிமிஷம் தண்ணி. அப்புறம்தான் கார்” என்றேன்.

நூறு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வாயை மூடிக்கொண்டு அடுத்த கேனை எடுத்துக் கொடுத்தார்கள்.

வலது கண் பிழைத்தது. இடது கண் போய்விட்டது. உடனே தண்ணீர் ஊற்றாமலிருந்தால் இரண்டும் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். அதைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நல்ல வேளை, நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்று மேனேஜர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அங்கே இருந்தேன் என்பது வாஸ்தவம்.

விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மரியாதையாகப் பேசுகிறவர், எதையும் இரண்டு தடவை எழுதிப் பார்க்கிறவர். ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று முடிவானால் தேவராஜை வேலையிலிருந்து நீக்கிவிடுவார்கள். ஒற்றைக் கண்ணோடு நாற்பது வயதில் வருகிறவரை வேறெங்கும் மெஷின் பக்கம் விடமாட்டார்கள். அது எனக்கும் தெரியும், அந்த அதிகாரிக்கும் தெரியும்.

முதல் நாள் என்னைக் கூப்பிட்டார்கள். ஈக்வலைசிங் முடிந்ததும் ஃபேனை அணைக்கலாமா என்று கேட்டார். கூடாது என்றேன். எந்தப் பக்கம் என்றார். ஒன்பது என்றேன். அறைக்கு யார் பொறுப்பு? ஆபரேட்டர். சுவிட்சை அணைத்தது யார்? தேவராஜ். பேட்டரி மேல் நெருப்பைக் கொண்டுபோனது யார்? தேவராஜ். ஒவ்வொரு பதிலும் சத்தியம். ஐந்து சத்தியங்களை அடுக்கி ஒரு முழுப் பொய்யைக் கட்டிவிடலாம் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். வெளியே வந்தபோது, தேவராஜுக்கு நம் பூஜை என்றாலே ஆகாது, வேண்டுமென்றே ஏதாவது செய்திருப்பார் என்று ஒருவர் எழுதிக் கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். தன் கண்ணையே கொடுத்தா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

தேவராஜை ஆஸ்பத்திரியிலிருந்து விட்ட பிறகு அவருடைய முறை வந்தது. முகத்தில் பாதிக்குக் கட்டுப் போட்டிருந்தார். அவர் மனைவி முழங்கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்துவிட்டு, கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். டெக்னிக்கல் விளக்கம் தேவைப்பட்டால் சொல்வதற்காக என்னையும் அந்த அறையில் உட்காரவைத்திருந்தார்கள்.

ஃபேனை நிறுத்துவதற்கு முன்னால் யாரிடமாவது சொன்னீர்களா என்று அதிகாரி கேட்டார்.

“இல்ல சார். நானேதான் நிறுத்துனேன்” என்றார் தேவராஜ்.

என் பக்கம் திரும்பவில்லை. எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை, பிறகு புரிந்தது. என் பெயரைச் சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறார். சொல்லாமல் இருந்தால், பின்னால் நான் மேனேஜரிடம் அவருக்காக ஏதாவது பேசக்கூடும். என்னுடைய தயவு ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்தது. அதைக் கெடுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டார்.

“என்கிட்ட வந்து கேட்டார். பத்து நிமிஷம்தானேன்னு நான்தான் சொன்னேன்” என்றேன்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். முதல் நாளே நான் ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டார்.

“நீங்க கேக்கல” என்றேன்.

அது எனக்குப் பழக்கமான பதில். ஆடிட்டர்களுக்கும் இன்ஸ்பெக்டர்களுக்கும் அந்த மாதிரிப் பதில்களைச் சொல்லியே நான் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியிருந்தேன். அன்று அந்த அறையில் அது என் காதிலேயே விழுந்தது. தேவராஜ் குனிந்துகொண்டார். பிறகு அதிகாரி கேட்காததையும் சொன்னேன். தேவராஜ் என்னிடம் என்ன சொன்னார், மறுத்தால் என்ன ஆகும் என்று பயந்தார், குழந்தைகளை எப்படி வெளியே அனுப்பினார், எத்தனை மூடிகளை மூடினார், வாழைக்கன்றை நான் பார்த்தது என எல்லாவற்றையும். அதிகாரி இரண்டு தடவை எழுதிக்கொண்டார்.

தேவராஜின் வேலை போகவில்லை. ஸ்டோர்ஸில் லேபிள் சரிபார்க்கிற இடத்துக்கு மாற்றினார்கள். ஹைட்ரோமீட்டரை அவர் மறுபடி கையில் எடுக்கவில்லை. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. அதை வைத்திருக்கிறேன். இரண்டு வருஷம் கழித்து ரிட்டயர் ஆனபோது மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள்.

கையேட்டில் பதினைந்தாம் பக்கம் ஒன்று எழுதி அனுப்பினேன். அறையில் வேலை செய்கிறவர் ஒரு காரியம் வேண்டாம் என்று உங்களிடம் வந்து சொன்னால், அதை அவரால் உரக்கச் சொல்ல முடியாது என்பதால்தான் வந்திருக்கிறார். அந்த இடத்திலேயே, எல்லோருக்கும் கேட்கும்படி, உங்கள் குரலில் அதைச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தேன். இது செயல்முறை அல்ல என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னதும் சரிதான். அதனால் இங்கே எழுதுகிறேன்.

விபத்துக்கு அடுத்து வந்த ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்னால் மேனேஜரிடம் போனேன். சார்ஜிங் ரூமுக்குள் நெருப்பு வேண்டாம், வாசலில் பூவும் குங்குமமும் வைத்துக் கும்பிட்டால் போதும், ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்றேன். ஏதோ பேப்பர்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தாமலே, சரி சார், அப்படியே செய்துவிடலாம் என்றார். அவ்வளவு நேரம்தான் ஆனது.

அந்த வாரத்தில் ஒருநாள் வேலை முடிந்து திரும்பும்போது, கம்பெனி பஸ்ஸில் தேவராஜ் என் வலப்பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். போன கண் என் பக்கம் இருந்தது. முகத்தைத் திருப்பாமல், முன்னால் பார்த்தபடியே பேசினார்.

“சார், ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நீங்க வேணாம்னு சொல்லியிருந்தா விட்டிருப்பாங்களா?”

பஸ் நின்று நின்று போய்க்கொண்டிருந்தது. அதெல்லாம் யாருக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் அவரும் ஒத்துக்கொண்டிருப்பார், எனக்கும் சௌகரியமாக இருந்திருக்கும்.

“விட்டிருப்பாங்க” என்றேன்.

தலையை மட்டும் ஆட்டினார்.

“நானும் அதான் நெனச்சேன்” என்றார்.

 அடுகோடி வந்தது. நான் இறங்குவதற்காக எழுந்து நின்று வழிவிட்டார்.